பிரித்துப் போடும் முன்: நெல்லைச் சீமையின் செல்போன் சர்வீஸ் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சந்திப்பிலும் வண்ணார்பேட்டையிலும் டவுன் ரத வீதிகளிலும், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, வள்ளியூர், முக்கூடல் என்று ஊர் ஊராகவும் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களுக்கும், அவர்களிடம் தொழில் பழகும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் பாளையங்கோட்டையில் சிறிய டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று நாள் முழுவதும் தமிழ் அடிப்பதுதான் பிழைப்பு. உங்கள் தொழிலைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். உங்களில் ஒருவர் உயிர் கொடுத்த போனில் இருந்துதான் இந்த மடலின் முதல் பக்கத்தை அடித்தேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

உங்கள் கடைகளில் மேசைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. பல கடைகளில் அதை எட்டிப் பார்த்திருக்கிறேன். முதுகு மூடி இல்லாதவை, டிஸ்பிளே உருவப்பட்டவை, இரண்டு மூன்றாகச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டவை, “போர்டு நல்லது” என்று மாஸ்கிங் டேப்பில் பேனாவால் எழுதி ஒட்டியவை. அந்தக் கடைசி வகைதான் என்னை எழுத வைத்தது. போர்டு நல்லது. பேட்டரி மாற்றினால் ஓடும். ஆனாலும் டப்பாவில் கிடக்கிறது. ஏன் என்று கேட்டால், “இதற்கு இனி அப்டேட் வராது, அண்ணாச்சி. உதிரிக்கு வைத்திருக்கிறேன்” என்பதுதான் பதில்.

வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்டேட் நின்றுவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக எந்தப் போனையும் பிரிக்காதீர்கள். அதில் ஆண்ட்ராய்டுக்குப் பதிலாக, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளும்படி இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளம் போட முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் போட்டுக் கொடுங்கள், அதற்குக் கூலி வாங்குங்கள். இதை உங்கள் தொழிலின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

என் போனின் கதையைச் சொன்னால்தான் இது வெறும் ஆசை இல்லை என்பது விளங்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறிச் சந்திப்புப் பஸ் நிலையம் மூழ்கியது, கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. வண்ணார்பேட்டையில் ஆற்றை ஒட்டிய தெருவில் என் வீடு. நாங்கள் மாடிக்கு ஏறிவிட்டோம். கீழே அலமாரியின் அடித்தட்டில் பையோடு இருந்த போன் ஓர் இரவு முழுவதும் சேற்று நீரில் கிடந்தது. அது போக்கோ எஃப்1.

ஒரு வாரம் கழித்து அதைத் தூக்கிக்கொண்டு போனபோது கடைகளின் முன்னால் எல்லோர் கையிலும் ஈரப் போன்கள். என் முறை வந்தபோது கடையில் இருந்த தம்பி முதலில் என்னிடம் கேட்டது, சார்ஜரில் போட்டுப் பார்த்தீர்களா என்பதுதான். இல்லை என்றதும் அவர் முகம் தெளிந்தது. பின்மூடியைச் சூடுகாட்டித் திறந்து, போர்டைக் கழற்றி, கவசத் தகட்டைத் தூக்கினார். அடியில் காப்பித்தூள் நிறத்தில் வண்டல். ஐ.பி.ஏ. என்ற ஆல்கஹாலில் நனைத்த பல்துலக்கும் பிரஷால் ஒவ்வொரு ஐ.சி.யைச் சுற்றியும் நிதானமாகத் தேய்த்தார். உலர்த்திய பிறகு பேட்டரி இல்லாமல் பவர் சப்ளையில் இணைத்து, ஆம்பியர் காட்டும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். எண் சற்று ஏறியது, நின்றது, பிறகு மளமளவென்று ஏறி இறங்கத் தொடங்கியது. “பூட் ஆகிறது” என்றார். திரையே இன்னும் மாட்டவில்லை. எண்ணின் ஆட்டத்தை வைத்தே சொன்னார். நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியரிடம் மட்டுமே அந்த நிதானத்தைப் பார்த்திருக்கிறேன்.

பத்து மாதம் அந்தப் போன் ஓடியது. பிறகு ஒரு நாள், அன்றாடம் பயன்படுத்தும் ஒரு செயலி, இந்தக் கருவியின் பாதுகாப்பு காலாவதியாகிவிட்டது என்று சொல்லித் திறக்க மறுத்தது. வேறொரு கடைக்குப் போனேன். கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, டிஸ்பிளே நன்றாக இருக்கிறது, உதிரிக்கு எடுத்துக்கொள்கிறேன், 500 ரூபாய் தருகிறேன் என்றார்கள். நேர்மையான விலைதான். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் வெள்ளத்திலிருந்து மீண்ட ஒன்றை நல்ல உடம்போடு கூறு போட எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அந்தப் போன் 2018 ஆகஸ்டில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது ஆண்ட்ராய்டு 8.1 இருந்தது. 9 வந்தது, 10 வந்தது, அத்துடன் நின்றது. ஏதோ ஒரு நிறுவனத்தின் குறையாக இதைச் சொல்லவில்லை. ஏறத்தாழ எல்லோரும் நடந்துகொள்ளும் முறை இதுதான். சிப் தயாரிப்பவர், இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலின் ஒரு பதிப்பில் தன் டிரைவர்களை (சிப்பை இயக்கும் நிரல்களை) எழுதிக் கொடுக்கிறார். போன் தயாரிப்பவர் அந்தக் கெர்னலோடு கட்டிப்போடப்படுகிறார். என் போனில் உள்ள ஸ்னாப்டிராகன் 845 சிப்புக்கு அப்படி அமைந்தது லினக்ஸ் கெர்னல் 4.9. அது 2016 டிசம்பரில் வெளியானது, 2023 ஜனவரியில் அதன் பராமரிப்பு முடிந்துவிட்டது. போனுக்குள் 6 ஜிபி நினைவகமும் எட்டுக் கோர் சிப்பும் அப்படியே இருக்கின்றன. என் கடையில் பத்திரிகை அடிக்கும் கணினியில் 4 ஜிபிதான் இருக்கிறது. அதை யாரும் உதிரிக்குப் போடச் சொல்லவில்லை.

எங்கள் ஆச்சி காலத்தில் அம்மி வழுவழுத்துவிட்டால் தூக்கி எறிய மாட்டார்கள். தெருவில் “அம்மி கொத்தலியோ” என்று குரல் வரும். உளியால் கொத்திவிட்டால் அதே கல் மறுபடியும் அரைக்கும். போனுக்கும் அப்படிக் கொத்துகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். நம் தெருவில் மட்டும்தான் இன்னும் குரல் கேட்கவில்லை.

போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற திட்டம் 2017இல் தொடங்கியது. ஆல்பைன் லினக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தின் மேல் கட்டியது. ஒரு போனுக்குப் பத்தாண்டு ஆயுள் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் தொடக்கத்திலேயே சொன்ன குறிக்கோள். போன் நிறுவனத்தின் பழைய கெர்னலை நம்பாமல், இன்று கணினிகளில் ஓடும் அதே புதிய லினக்ஸ் கெர்னலைப் போனில் ஓட வைப்பது அவர்கள் வழி. இன்னொன்று உபுண்டு டச். கனோனிக்கல் நிறுவனம் 2013இல் அறிவித்தது, 2015இல் ஐரோப்பாவில் பிக்யூ நிறுவனத்தின் போனில் வந்தது, 2017இல் கைவிடப்பட்டது. கைவிட்ட இடத்தில் யூபிபோர்ட்ஸ் என்ற தன்னார்வலர் குழு எடுத்து இன்றுவரை நடத்துகிறது. ரெட்மி நோட் 7, ஒன்பிளஸ் 6 போன்று நம் ஊரில் ஏராளமாக விற்ற போன்களிலும் அது ஓடுகிறது.

லினக்ஸ் என்றால் ஏதோ படித்தவர்கள் சமாச்சாரம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். 2015 ஜனவரியில் வந்த சாம்சங் இசட்1 போனை நீங்கள் பிரித்துப் பார்த்திருப்பீர்கள். அதில் இருந்தது டைசன், அது லினக்ஸ். 2016இல் வந்த இன்டெக்ஸ் அக்வா ஃபிஷ் போனில் பின்லாந்துக்காரர்களின் செயில்ஃபிஷ், அதுவும் லினக்ஸ். 2017இல் வந்து வீடு வீடாக நுழைந்த ஜியோபோனில் காய்ஓஎஸ், அதற்கும் அடியில் லினக்ஸ் கெர்னல்தான். ஆண்ட்ராய்டின் அடித்தளமே லினக்ஸ் கெர்னல். அரசு 2011இல் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அது சென்னை சி-டாக் உருவாக்கியது. பிள்ளைகள் அதைத் திறந்து பார்க்கும் முன்பே அழித்துவிட்டு விண்டோஸை மட்டும் வைத்துக் கொடுத்தோம். என் தங்கை மகனின் கணினியில் நானே அழித்தேன். இன்றைக்கு அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இனி வேலைக்கு வருகிறேன். என் போனில் போட நான் எடுத்துக்கொண்டது போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்.

போன் எந்த இயங்குதளத்தைத் தொடங்கலாம் என்று தீர்மானிக்கும் பூட்லோடரின் பூட்டைத் திறக்கும் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. கணக்கை இணைத்து, 168 மணி நேரம் காத்திருந்து, விண்டோஸ் கணினியில் போன் நிறுவனத்தின் கருவியைக் கொண்டு திறந்தேன். ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் வரும் ஃபாஸ்ட்பூட் திரை, முயல் ஒன்று பச்சை ரோபோவைப் பழுதுபார்க்கும் படம், உங்களில் பலருக்குக் கனவிலும் வரும். அங்கிருந்து மூன்றே கட்டளைகள்: டிடிபிஓ பகுதியை அழிப்பது, பூட் கோப்பைப் போடுவது, யூசர்டேட்டா பகுதியில் இயங்குதளத்தைப் போடுவது. ஒரிஜினல் ரோம் பிளாஷ் செய்யத் தெரிந்த கை இதை ஒரு டீ ஆறும் நேரத்தில் முடித்துவிடும்.

நான் முடிக்கவில்லை. காரணம் நீங்கள் நன்றாக அறிந்த ஒன்று. போக்கோ எஃப்1 போனில் இரண்டு வகை டிஸ்பிளே உண்டு, தியான்மா ஒன்று, இபிபிஜி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெர்னல் கோப்பு. நான் தவறான கோப்பைப் போட்டுவிட்டேன். திரை கறுப்பாகவே நின்றது. போன் செத்துவிட்டது என்று கைகால் பதறியது. பிறகு அந்தத் திட்டத்தின் கையேட்டில் சொல்லியிருந்தபடி, கேபிளைக் கணினியில் செருகி 172.16.42.1 என்ற முகவரிக்கு ஓர் அழைப்பு விடுத்துப் பார்த்தேன். கறுப்புத் திரைக்கு உள்ளே இருந்து, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டுப் பதில் வந்தது. திரை இல்லாமலே உயிரோடிருந்தது. அன்றைக்கு எண்ணின் ஆட்டத்தைப் பார்த்து “பூட் ஆகிறது” என்று சொன்ன தம்பியின் முகம்தான் அப்போது நினைவுக்கு வந்தது. சரியான கோப்பைப் போட்டேன், திரை எரிந்தது. டிஸ்பிளேயைக் கையில் எடுத்தவுடனே எது எந்த வகை என்று பார்க்கும் பழக்கம் உங்களுக்கு உண்டு. எனக்கு ஒரு மாலை பிடித்தது உங்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இந்த வேலை என்னைப் போன்றவர்களைவிட உங்களுக்கே உரியது என்று அன்றைக்குத் தோன்றியது.

அடுத்து வந்தது என் தொழில் சம்பந்தப்பட்டது. உலாவியைத் திறந்து ஒரு தமிழ் நாளிதழின் பக்கத்துக்குப் போனேன். முழுப் பக்கமும் கட்டம் கட்டமாக வெற்றுப் பெட்டிகள். தமிழ் எழுத்துரு ஒன்றுகூட உள்ளே இல்லை. நோட்டோ தமிழ் எழுத்துருவை நிறுவ ஒரே வரிக் கட்டளை போதும். நிறுவிவிட்டுப் பக்கத்தை மறுபடியும் திறந்தேன். பெட்டிகள் இருந்த இடத்தில் “நெல்லை” என்ற சொல், கொம்பு முன்னால் வந்து, இரண்டாவது லகரத்தின் முன்னால் ஐகாரக் குறி சரியாக உட்கார்ந்து, நின்றது. இருபது வருடம் எழுத்துருக்களோடு மல்லுக்கட்டியவன் நான். ஒரு காலத்தில் இதே சொல் கணினியில் உடைந்து சிதறிக் கிடந்ததைத் தினமும் பார்த்தவன். அந்த ஒரு சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

படிக்க முடிந்தது, அடிக்க முடியவில்லை. திரையில் வரும் தட்டச்சுப் பலகையில் தமிழ் இல்லை. இங்கேதான் இந்த மென்பொருளின் அருமை தெரிந்தது. அந்தப் பலகை ஸ்குவீக்போர்டு. அதன் விசைகள் எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றில் வரி வரியாக எழுதப்பட்டிருக்கின்றன. எந்த நிறுவனத்தின் அனுமதியும் கேட்காமல், கோப்பைத் திறந்து, 1999இல் நம் அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 வரிசையை அடித்தேன். நடுவரிசையில் அ இ உ ஃ எ க ப ம த ந ய. உரிய இடத்தில் வைத்துவிட்டுப் பலகையை மீண்டும் திறந்தால், என் கடை விசைப்பலகையில் விரல் தானாகப் போகும் இடத்தில் எழுத்துகள்.

ஒரு குறை உண்டு. தமிழ்99இல் “அம்மா” என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும், உயிரெழுத்து விசையே துணைக்காலாகவும் மாறும். என் பலகைக்கு அந்த அறிவு கிடையாது. கொடுத்த எழுத்தை அப்படியே கொடுக்கும். ஆகவே புள்ளியையும் துணைக்குறிகளையும் தனி அடுக்கில் வைத்தேன். வேகம் குறைகிறது. இதைச் சரிசெய்யத் தெரிந்த பிள்ளைகள் நம் கல்லூரிகளில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இப்படி ஒரு போன் இருந்தால்தான் அவர்களுக்கு இந்தக் குறை உறைக்கும்.

இனி, வாடிக்கையாளரிடம் நீங்கள் மறைக்காமல் சொல்ல வேண்டியவை. இதில் ஒரு சொல்கூடக் குறைக்கக் கூடாது. குறைத்தால், வாங்கிப் போனவர் ஒரு வாரத்தில் திரும்பி வருவார், ஊரெல்லாம் லினக்ஸ் மோசம் என்ற பெயர் பரவும்.

முதலில் பேச்சு. ஜியோவின் வலையமைப்பில் 2ஜியும் 3ஜியும் கிடையாது. அங்கே குரல் போவதே, 4ஜி இணைப்பிலேயே பேச்சை அனுப்பும் வோல்டிஇ வழியாகத்தான். லினக்ஸ் போன்கள் பலவற்றில் வோல்டிஇ இன்னும் சரியாக அமையவில்லை. சிலவற்றில் சோதனை அளவில் ஓடுகிறது. 2ஜி இன்னும் இருக்கும் சிம் என்றால் அழைப்பு அதன் வழியாகப் போகும். எந்தச் சிம் வைத்திருக்கிறீர்கள் என்ற கேள்வியை வேலையை எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அடுத்து கேமரா. என் போனில் வேலை செய்யவில்லை. பேரப்பிள்ளையைப் படம் எடுக்க வேண்டும் என்று வருகிறவருக்கு இதைப் போட்டுக் கொடுக்காதீர்கள். பேட்டரியும் ஆண்ட்ராய்டில் நின்ற அளவுக்கு நிற்காது. எனக்குத் தினமும் மாலையில் ஒரு முறை சார்ஜ் போட வேண்டியிருக்கிறது.

பணம்தான் பெரிய தடை. யுபிஐ செயலிகள் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் மட்டுமே எழுதப்பட்டவை. வேட்ராய்டு என்ற மென்பொருள் லினக்ஸுக்குள் ஓர் ஆண்ட்ராய்டு அறையைத் திறந்து கொடுக்கும். சாதாரணச் செயலிகள் பல அதில் ஓடும். ஆனால் வங்கிச் செயலிகள், கருவியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று கூகுளிடம் கேட்டுப் பார்க்கின்றன. இல்லை என்று பதில் வந்தால் கதவைச் சாத்திவிடுகின்றன. பாதுகாப்புத் திருத்தம் வந்து நான்கு வருடமான போனை அனுமதிக்கும் அதே சோதனை, போன வாரம் திருத்தம் வந்த என் போனைத் தடுக்கிறது. நான் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளையில் இதை எடுத்துச் சொன்னேன். புதுப் போன் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்தச் சண்டையைப் போட வேறு மடல் எழுதுவேன். இப்போதைக்கு என் வழி இது: கடைச் சுவரில் க்யூஆர் அட்டை, பணம் வந்தால் பெட்டி சத்தம் கொடுக்கிறது. நான் கொடுக்க வேண்டியதற்கு ஒரு பொத்தான் போன் வைத்து, இணையம் இல்லாமலே பணம் அனுப்ப உதவும் *99# எண்ணை அழுத்துகிறேன். பொத்தான் போன்களுக்கென்றே 2022இல் வந்த யுபிஐ 123பே சேவையும் உண்டு. இது எல்லோருக்கும் சரிப்படாது. ஒரே போனில் எல்லாம் வேண்டும் என்பவரிடம் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு யார் வாங்குவார்கள்?

முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் தாய்மார் பீடி சுற்றிப் படிக்க வைக்கும் பிள்ளைகள் பாலிடெக்னிக்கிலும் கலைக் கல்லூரியிலும் கணினி அறிவியல் எடுக்கிறார்கள். வீட்டில் கணினி இல்லை. ஆண்ட்ராய்டு போனில் ஒரு நிரல் எழுதிப் பார்ப்பது எவ்வளவு சிரமம் என்று அவர்களைக் கேளுங்கள். அந்தப் பிள்ளைக்கு லினக்ஸ் போட்ட பழைய போனும் புளூடூத் விசைப்பலகையும் கிடைத்தால், அது பாடப்புத்தகத்தில் இருக்கும் அதே கணினி. பைத்தான் ஓடும், சி மொழித் தொகுப்பி ஓடும், லிப்ரே ஆபீசில் ஆய்வேடு அடிக்கலாம். கேமராவும் யுபிஐயும் அங்கே கேள்வியே இல்லை. அவர்களிடம் பேச வேறு போன் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரிப் பெண் சேரன்மகாதேவியிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். என்னிடமிருந்து வாங்கிப்போன ரெட்மி நோட் 7 போனை மடியில் வைத்துக்கொண்டு, பேட்டை தாண்டும் முன் அன்றைய செய்முறைப் பயிற்சியை முடித்துவிடுவதாகச் சொன்னாள்.

ஊர்ப்புற நூலகத்துக்கு ஒரு சிறிய சர்வர் வேண்டும். பழைய போன் போதும், மின்சாரம் போனாலும் அதற்குள்ளேயே பேட்டரி இருக்கிறது. கடையில் கணக்கு எழுதவும் பில் அடிக்கவும் போதும். இப்படி ஒவ்வொன்றாக நீங்களே கண்டுபிடிப்பீர்கள், நான் சொல்லத் தேவையில்லை.

கூலி பற்றி வெளிப்படையாகப் பேசுவோம். இதை இலவசமாகச் செய்யச் சொல்லி யாராவது வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மென்பொருள் இலவசம், உங்கள் நேரமும் கையும் இலவசம் அல்ல. 500 ரூபாய்க்கு உதிரியாகப் போகும் போன், பேட்டரி மாற்றி லினக்ஸ் போட்டால் ஒரு மாணவருக்கு அதைவிட நல்ல விலைக்குப் போகும், அவருக்கும் அது மலிவு. புதுப் போன் விற்கும் பெரிய கடைகளோடு விலையில் போட்டி போட்டு உங்களால் தாக்குப்பிடிக்க முடியாது. அவர்களால் செய்ய முடியாத வேலை இது.

சட்டமும் மெல்ல உங்கள் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது. பழுதுநீக்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் போன்களுக்கு, அந்த மாடலின் விற்பனை நின்ற பின்னும் குறைந்தது 5 ஆண்டு இயங்குதள அப்டேட் கிடைக்க வேண்டும். அதுபோல ஒரு விதி இங்கே வரும்வரை, டப்பாவில் கிடக்கும் போன்களுக்கு நீங்கள்தான் கதி.

சில எச்சரிக்கைகள். பூட்டைத் திறந்தால் உள்ளே இருக்கும் படங்களும் எண்களும் அழிந்துபோகும். வாடிக்கையாளர் கண் முன்னால் நகல் எடுத்த பிறகே தொடங்குங்கள். பழைய உரிமையாளரின் கணக்குப் பூட்டு இருக்கிற போன், பில்லும் இல்லை, பெட்டியும் இல்லை என்றால் தொடவே தொடாதீர்கள். திருட்டுப் போனுக்குப் புதுச் சட்டை தைத்துக் கொடுக்கும் வேலையாக இது ஆகிவிடக் கூடாது. 2018இல் ரெட்மி நோட் 5 ப்ரோ போன்களில் பழைய ரோம் போட்டுப் போர்டே முடங்கிய கதை உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஜாக்கிரதை இங்கேயும் வேண்டும். பூட்டு திறந்த போன் தொலைந்தால், எடுத்தவர் எளிதில் உள்ளே நுழையலாம். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸில், நிறுவும்போதே முழுச் சேமிப்பையும் மறைகுறியாக்கும் வசதி உண்டு, அதைத் தேர்ந்தெடுங்கள். அதன் தயார்நிலைக் கோப்புகளில் வரும் கடவுச்சொல் 147147, அது ஊருக்கே தெரியும். வாடிக்கையாளரை உட்கார வைத்து மாற்றிக் கொடுத்த பிறகே அனுப்புங்கள். பேட்டரி உப்பியிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

சில நிறுவனங்கள் பூட்டைத் திறக்கவே விடுவதில்லை. அந்தப் போன்களுக்கு இப்போது வழி இல்லை. அவற்றை உதிரிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த முறை உங்களிடம் “என்ன போன் வாங்கலாம், அண்ணாச்சி?” என்று யாராவது கேட்டால் (தினம் நாலு பேராவது கேட்பார்கள்) பூட்டைத் திறக்க விடும் போனாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். கடைக்காரர் ஷோரூமில் சொல்வதைவிட நீங்கள் சொல்வதை நம் மக்கள் நம்புகிறார்கள்.

இந்த மாதம் ஒன்றே ஒன்று செய்து பாருங்கள். டப்பாவில் “போர்டு நல்லது” என்று ஒட்டியிருப்பதில் ஒன்றை எடுங்கள். போக்கோ எஃப்1, ஒன்பிளஸ் 6, ரெட்மி நோட் 7 கிடைத்தால் நல்லது. உபுண்டு டச் போடுவதானால் யூபிபோர்ட்ஸ் இன்ஸ்டாலர் என்ற மென்பொருள் விண்டோஸ் கணினியிலேயே ஓடும். பூட்டைத் திறந்து கொடுத்துவிட்டால் மிச்சத்தை அதுவே கேட்டுக் கேட்டுச் செய்யும். எந்த மாடலில் எது ஓடும், எது ஓடாது என்று இரண்டு திட்டங்களும் தங்கள் இணையதளத்தில் ஒளிவு மறைவில்லாமல் பட்டியல் போட்டு வைத்திருக்கின்றன. அதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

எங்காவது முட்டினால் என் கடைக்கு வாருங்கள். முகூர்த்த நாள் நெருங்கும் வாரம் தவிர மற்ற நாள்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் ஓய்வாகத்தான் இருப்பேன். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸின் இரண்டு டிஸ்பிளே வகைக்கும் உரிய கோப்புகளும், நோட்டோ எழுத்துருவும், நான் எழுதிய தமிழ்99 பலகைக் கோப்பும் பென் டிரைவில் தயாராக வைத்திருக்கிறேன். வரும்போது சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் வேண்டாம், டேட்டா போகும் கேபிளாகக் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து உங்கள் வாடிக்கையாளன்